ஆற்று டிஸ்கஸும் பண்ணை டிஸ்கஸும்: வன்னித் தண்ணீரில் ஒரு பொது வடிகட்டி

வன்னியில் ஒரு வீட்டின் தண்ணீரைப் பற்றி அறிய ஆய்வுகூடம் தேவையில்லை. கேத்திலின் அடியைப் பார்த்தால் போதும். சில மாதம் கொதித்ததிலேயே வெள்ளைப் படை ஏறிவிடும், புளி போட்டுத் தேய்த்தால்தான் போகும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புப் பாறை வன்னியின் வடக்கு, மேற்கு விளிம்புகளிலும் தொடர்கிறது. வவுனியாப் பக்கம் பாறை வேறு, ஆனால் ஆழ்கிணற்றுத் தண்ணீர் அங்கும் கனமானதுதான். இந்தத் தண்ணீரில்தான் இப்போது சில வீடுகளில் டிஸ்கஸ் நீந்துகிறது. உலகத்திலேயே மிக மென்மையான தண்ணீர்களில் ஒன்றில் பிறந்த மீன் அது.

வண்ண மீன் வளர்ப்பு இந்த மண்ணுக்குப் பிந்தி வந்த பொழுதுபோக்கு. போர்க்காலத்தில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் தேசிய மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் விளக்கில் படித்த தலைமுறைக்கு இருபத்து நான்கு மணித்தியாலமும் ஓடும் காற்று மோட்டார் கற்பனைக்கு எட்டாத பொருள். 2009க்குப் பிறகு மின்கம்பி வந்தது, அதன் பின்னால் கண்ணாடித் தொட்டி வந்தது. முதலில் கப்பி, பைற்றர், கோல்ட் பிஷ். டிஸ்கஸ் கடைசியில் வந்தது, விலையும் அதற்கேற்ப. பண்ணையில் பிறந்த டிஸ்கஸை ஓரிரு ஆண்டு காப்பாற்றிவிட்டவருக்கு அடுத்த ஆசை ஒன்று வரும்: அமேசனில் பிடித்த மீன் ஒன்று. வளர்ப்பவர்கள் இதை ‘வைல்ட்’ என்பார்கள். இந்தக் கட்டுரையில் ஆற்று டிஸ்கஸ் என்றே சொல்கிறேன். உடனே கணக்கும் வரும். இரண்டு தொட்டி, கீழே ஒரே சம்ப் (வடிகட்டித் தொட்டி). ஒரு மோட்டார், ஒரு யூவி விளக்கு, ஒரு கரண்ட் பில். இது சரிவருமா என்பதே கேள்வி. இரண்டு மீனும் ஒன்றையொன்று கடிக்குமா என்பதல்ல. கடிக்காது; கடித்தாலும் இடையில் கண்ணாடி இருக்கிறது. கண்ணாடியைத் தாண்டிப் போவது தண்ணீர் மட்டும்தான், ஆகவே ஆராய வேண்டியதும் அதுதான்.

முதலில் மீன். 1840இல் வியன்னாவைச் சேர்ந்த யோஹான் யாக்கோப் ஹெக்கெல், பிரேசிலில் யோஹான் நட்டரர் சேகரித்த மீன்களை வைத்து சிம்பிசோடன் டிஸ்கஸ் என்ற இனத்தை விவரித்தார். நடுவில் ஒரு தடித்த கருங்கோடு ஓடும் அந்த மீனை இன்றும் ‘ஹெக்கெல்’ என்றே அழைக்கிறார்கள். நீக்ரோ ஆறும் அதன் கிளைகளும் அதன் வீடு. பச்சை டிஸ்கஸ் டெஃபே ஏரிப் பக்கத்தது. நீலமும் பழுப்பும் சொலிமோயிஸ், புருஸ் ஆறுகளிலும் கிழக்கே அலென்கெர் பகுதியிலும் கிடைப்பவை. இந்தப் பெயர்ப் பட்டியலுக்கு ஒரு பயன் உண்டு. ‘ஆற்று டிஸ்கஸ்’ என்று ஒரே சொல்லில் அடக்குவது வளர்ப்பவர் செய்யும் முதல் தவறு. நீக்ரோ ஆற்றின் கருந்தண்ணீர் தேநீர்ச் சாயம் போன்றது, பி.எச். 4க்கும் 5க்கும் இடையில், கரைந்த உப்பு ஏறக்குறைய இல்லை, மின்கடத்துதிறன் பத்து மைக்ரோசீமென்ஸ் அளவுக்கு இறங்கும். அலென்கெர் பக்கத்துத் தண்ணீர் அவ்வளவு கடும் அமிலமல்ல. அங்கிருந்து வரும் பழுப்பு டிஸ்கஸ் நம் தொட்டிக்கு ஓரளவு இணங்கும். ஹெக்கெல் இணங்குவது மிகக் கடினம்.

பண்ணை டிஸ்கஸ் மனிதன் செய்த மீன். ஜெர்மனியில் வைத்தியர் எட்வார்ட் ஷ்மிட்-ஃபோக்கே, அமெரிக்காவில் ஜாக் வாட்லி போன்றோர் ஆற்று மீன்களைத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து நீலமும் டர்கோய்ஸும் செய்தார்கள். 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்தின் கிட்டி பனைத்தி ‘பிஜன் பிளட்’ என்ற வகையைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். இன்று கடைகளில் காணும் செம்மஞ்சள் மீன்களில் பெரும்பங்கு அதன் வழிவந்தவை. இந்த அழகுக்கு ஒரு விலையும் இருந்தது. டிஸ்கஸ் குஞ்சுகள் முதல் சில வாரம் தாய் தகப்பனின் தோலில் சுரக்கும் சளியைத் தின்றே வளர்கின்றன. குஞ்சு காலத்தில் பெற்றோர் உடலைக் கறுப்பாக்கிக்கொள்ளும். குஞ்சுகள் அந்தக் கறுப்பைத் தேடிப் போய் ஒட்டும். பிஜன் பிளட்டுக்குக் கறுக்கத் தெரியாது, குஞ்சு வழிதவறும்.

பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வு, பெற்றோர் சளியில் புரதமும் நோயெதிர்ப்புப் பொருள்களும் குஞ்சு வளர்ப்புக் காலத்தில் கூடுகின்றன என்று காட்டியது. பாலூட்டிகளின் தாய்ப்பாலை நினைவூட்டும் நடத்தை இது. அமேசனுக்குப் போகாமலே இதைப் போன்ற ஒன்றை இலங்கையில் பார்க்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. நம் களப்புகளில் வாழும் செம்மஞ்சள் எட்ரோப்ளஸ் டிஸ்கஸின் தூரத்து உறவு, அதன் குஞ்சுகளும் பெற்றோர் தோலைக் கொத்தித் தின்கின்றன. வார்ட், வைமன் என்ற இரு ஆய்வாளர்கள் இலங்கை எட்ரோப்ளஸ் மீன்களின் வாழ்க்கையை 1970களில் இங்கேயே இருந்து ஆராய்ந்தார்கள். சிறிய இனமான செம்மஞ்சள் எட்ரோப்ளஸ் பெரிய இனத்தின் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்பதையும் பதிவு செய்தார்கள். சளி ஒரு சமூகப் பொருள் என்பதுதான் இதன் பொருள். உணவும் அதன் வழியே போகும், எதிர்ப்பும் போகும், நோயும் போகும்.

இனித் தண்ணீரின் வேதியியல். பொதுச் சம்ப் என்றால் இரு தொட்டிக்கும் ஒரே பி.எச்., ஒரே கடினத்தன்மை, ஒரே வெப்பநிலை. பண்ணை டிஸ்கஸ் பல தலைமுறையாகக் குழாய்த் தண்ணீரில் வளர்ந்தது, பி.எச். 7க்கு மேலும் உயிர் வாழும், முட்டையிடுவதற்குத்தான் மென்மையான தண்ணீர் கேட்கும். ஹெக்கெலுக்கு ஏற்ற தண்ணீரைப் பண்ணை மீனுக்கும் கொடுத்தால் என்ன? மீன் ஒருவேளை தாங்கும். சம்பில் வாழும் பக்டீரியாக்கள் தாங்கா. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைத்திரைற்றாக்கி, பின் நைத்திரேற்றாக்குபவை அவைதான். பி.எச். 6.5க்குக் கீழே போகப்போக அவற்றின் வேலை மந்தமாகிறது. 6க்குக் கீழே வழக்கமான வடிகட்டியில் ஏறக்குறைய நின்றே விடும். அந்த நிலையிலும் மீன் சாகாது. அமிலத் தண்ணீரில் அமோனியா பெரும்பாலும் அமோனியம் என்ற நஞ்சு மிகக் குறைந்த வடிவத்தில் இருப்பதுதான் காரணம். 28 பாகை செல்சியஸில், பி.எச். 6 என்றால் மொத்த அமோனியாவில் நஞ்சான பங்கு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. 7இல் ஏறத்தாழ 0.7 வீதம், 8இல் ஆறரை வீதம். அமிலத் தொட்டியில் வாரக்கணக்காகச் சேர்ந்த அமோனியம் கிடக்கும்போது, தண்ணீர் மாற்றுகிறேன் என்று கிணற்றுத் தண்ணீரை இரண்டு வாளி ஊற்றிப் பாருங்கள். பி.எச். ஏறும், சாதுவாகக் கிடந்தது நஞ்சாகும். காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கும். உப்பும் சுண்ணாம்பும் நிறைந்த ஊரில் ‘கொஞ்சம் கிணத்துத் தண்ணி’ என்பது சின்ன விஷயமல்ல.

ஆகவே பொதுச் சம்ப் வைப்பவர் கடைசியில் நடுவில் ஒரு இடத்தில் நிற்பார்: பி.எச். ஆறரை, மிதமான மென்மை. பண்ணை மீனுக்கு இது சொர்க்கம். அலென்கெர் பழுப்புக்குப் போதும். ஹெக்கெலுக்கு இது சமரசம், அதுவும் அதன் பக்கத்திலிருந்து மட்டும் செய்யப்படும் சமரசம்.

வேதியியலைக்கூட எப்படியோ சரிக்கட்டலாம். நோயைச் சரிக்கட்ட முடியாது. என் பார்வையில் இந்தக் கேள்வியின் உண்மையான எடை இங்கேதான் இருக்கிறது.

ஆற்றிலிருந்து வரும் மீன் வெறுங்கையோடு வருவதில்லை. குடலில் நாடாப்புழு, முடிப்புழு, செவுளில் தட்டைப்புழு, குடலில் ஸ்பைரோநியூக்ளியஸ் போன்ற கசையுயிரிகள். ஆற்றில் இவை பெரும்பாலும் மீனைக் கொல்வதில்லை. கோடிக்கணக்கான லீற்றர் தண்ணீரில் ஒட்டுண்ணியின் முட்டை அடுத்த மீனைத் தேடிச் சேர்வதே அரிது. முந்நூறு லீற்றர்த் தொட்டியில் அது நிச்சயம். பயணக் களைப்பில், மெலிந்து, பட்டினியோடு வரும் மீனில் எண்ணிக்கை பெருகும். வெள்ளை நூல் போன்ற மலம், நெற்றியில் குழி, தீன் துப்புதல் எல்லாம் அதன் பிறகு வருபவை.

மறுபக்கமும் உண்டு, அதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பண்ணை டிஸ்கஸ் ‘சுத்தமானது’, ஆற்று மீன்தான் ‘அழுக்கு’ என்ற எண்ணம் தவறு. 1980களின் பின்பாதியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ‘டிஸ்கஸ் பிளேக்’ என்று பெயரெடுத்த நோய் பரவியது. மீன் கறுத்து, ஒரு மூலையில் கூடி, சளியை உதிர்த்து, சில நாளில் தொட்டியே நாறும். இதற்குக் காரணமான கிருமி எது என்பதில் இன்றுவரை ஒருமித்த முடிவில்லை. வளர்ப்பவர்களின் அனுபவம் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறது: வேறு வேறு இடத்து மீன்களைக் கலக்கும்போதுதான் இது வெடிக்கிறது. ஒரு பண்ணையின் மீன் அந்த நோயிலிருந்து பிழைத்திருக்கும், வெளியே ஒரு அறிகுறியும் காட்டாது, ஆனால் சுமந்துகொண்டிருக்கும். அதைச் சந்தித்தே இராத ஆற்று மீனுக்கு அது புது நோய். பினாங்கிலோ பாங்கொக்கிலோ பண்ணையில் பிறந்து கொழும்புக் கடை வழியாக வந்த மீனிடமிருந்து அமேசன் மீன் சாவது நடக்கக்கூடிய காரியம்தான். ஆகவே, யாரிடமிருந்து யாரைக் காப்பது என்று கேட்டால், இருவரிடமிருந்தும் இருவரையும் என்பதே பதில்.

‘யூவி போட்டிருக்கிறேனே’ என்பார்கள். யூவி விளக்கு நல்ல கருவி, ஆனால் அதற்குள் நுழைந்து வரும் தண்ணீரை மட்டுமே அது தொடுகிறது. கண்ணாடியில் ஒட்டிய முட்டை, அடிமண்ணில் கிடக்கும் முட்டை, மீனின் செவுளிலேயே குடியிருக்கும் புழு இவை எதுவும் விளக்கைப் பார்ப்பதில்லை. மிதக்கும் பக்டீரியாவையும் பாசியையும் குறைக்க அது போதும். பெரிய ஒட்டுண்ணிக்கு அதிக ஒளியும் மெதுவான ஓட்டமும் வேண்டும். சம்ப் மோட்டாரோ வேகமாகத்தான் தள்ளும். கண்ணாடிக்குழல் மேலே நம் ஊர்ச் சுண்ணாம்பு படிந்தால் ஒளி இன்னும் குறையும். கேத்திலில் ஏறிய அதே படை.

எதிர்த்தரப்பு வாதத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். உலகின் பெரிய மீன்காட்சிச்சாலைகள் ஒரே நீர்ச்சுற்றில் பல தொட்டிகளை ஓட்டுகின்றன. ஆற்று டிஸ்கஸையும் பண்ணை டிஸ்கஸையும் ஒரே தொட்டியிலேயே ஆண்டுக்கணக்காக வைத்திருக்கும் வளர்ப்பாளர்களும் உண்டு. உண்மைதான். ஆனால் அந்தக் காட்சிச்சாலைகளில் ஓசோன், யூவி, தனி மருத்துவர், மாதக்கணக்கான தனிமைப்படுத்தல் எல்லாம் உண்டு. வெற்றி பெற்ற வளர்ப்பாளர்களும் கலப்பதற்கு முன்பு நீண்ட காலம் காத்திருந்தவர்கள். பொதுச் சம்ப் என்பது அந்தக் காத்திருப்பின் முடிவில் வரும் வசதி. காத்திருப்பைத் தவிர்க்க அதைப் பாவித்தால் எல்லாம் தலைகீழாகிவிடும். இன்னொரு செய்தியும் கவனத்துக்குரியது: டிஸ்கஸால் பிழைப்பு நடத்தும் தென்கிழக்காசியப் பண்ணைகள் பெரும்பாலும் வெறும் கண்ணாடித் தொட்டி, ஒவ்வொன்றிலும் தனித்தனி ஸ்பொஞ் பில்டர், நாளாந்தம் பெருமளவு தண்ணீர் மாற்றம் என்றே நடக்கின்றன. லாபநட்டம் பார்ப்பவர்கள் அப்படிச் செய்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு தொட்டி போனால் ஒன்றே போகும்.

வன்னிக்கே உரிய இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று நமக்குச் சாதகம்: வெப்பம். டிஸ்கஸ் கேட்பது 28 முதல் 30 பாகை. இங்கே ஆண்டில் பெரும்பகுதி தொட்டித் தண்ணீர் தானாகவே அங்கே இருக்கும். மார்கழி, தை இரவுகளில் மட்டும் ஹீற்றர் வேண்டும். ஐரோப்பியர் பொதுச் சம்ப் வைப்பதற்கு வெப்பமூட்டும் செலவும் ஒரு காரணம். அந்தக் காரணம் கிளிநொச்சியில் பொருந்தாது. அவர்கள் அமைப்பை நாம் அப்படியே பின்பற்றத் தேவையில்லை. சித்திரைக்குப் பின் தண்ணீர் 32ஐத் தாண்டும்போது ஒட்சிசன் குறையும், அப்போது தேவைப்படுவது காற்று.

இரண்டாவது நமக்குப் பாதகம்: மின்வெட்டு. 2022 மார்ச் இறுதியில் இந்த நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் இருந்தது. ஒரே மோட்டாரில் தொங்கும் அமைப்பு அன்று ஒரே நேரத்தில் நின்றது. மேல் தொட்டித் தண்ணீர் குழாய் வழியே திரும்பி இறங்கி, சம்ப் வழிந்து, தரை நனைந்த கதைகளைக் கேட்டிருக்கிறேன். ஸ்பொஞ் பில்டருக்குத் தேவை ஒரு சின்னக் காற்று மோட்டார். அதை ஒரு பழைய மோட்டார்சைக்கிள் பற்றரியிலும் ஓட்டலாம்.

இனி நான் சொல்லத் தயங்கும் பகுதி. மென்மையான தண்ணீர் எங்கிருந்து வரும்? ஆர்.ஓ. (எதிர்ச்சவ்வூடுபரவல்) இயந்திரத்திலிருந்து. வவுனியா மாவட்டத்தின் பல கிராமங்களில் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் பரவியிருக்கிறது; கடினத் தண்ணீரும் புளோரைட்டும் ஆய்வாளர்களின் சந்தேகப் பட்டியலில் உள்ளன. அதனால் ஊரூராக ஆர்.ஓ. நிலையங்கள் வந்தன, மக்கள் கேனோடு போய்க் குடிதண்ணீர் எடுக்கிறார்கள். இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் திட்டத்தைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். யாழ்ப்பாணத்தின் தாகத்துக்குக் கடைசியில் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது, அதுவும் ஆர்.ஓ. முறைதான். இப்படி ஒவ்வொரு லீற்றருக்கும் கணக்குப் பார்க்கும் மண்ணில், வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் ஒரு லீற்றர் நல்ல தண்ணீர் தர இரண்டு மூன்று லீற்றரைக் கழித்துவிடுகிறது. முந்நூறு லீற்றர்த் தொட்டியில் நாளுக்குப் பாதித் தண்ணீர் மாற்றினால், கழிவாகப் போவது முந்நூறுக்கு மேல். பொதுச் சம்ப் இதைக் குறைக்காது, கூட்டும். பண்ணை மீனுக்குத் தேவையில்லாத மென்மையையும் அதன் தொட்டிக்குக் கொடுக்க வேண்டி வருமல்லவா? இரண்டு தொகுதியாகப் பிரித்தால் ஆர்.ஓ. தண்ணீர் முக்கியமாக ஆற்று மீனுக்கு, பண்ணை மீனுக்கு வடிகட்டிய கிணற்றுத் தண்ணீரோடு அதில் கொஞ்சம் கலவை. கழிவுத் தண்ணீரைத் தென்னைக்கு விடுங்கள்.

மழைநீர் இதைவிட நல்லது. வாடைக்காற்றோடு ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை ஏறக்குறைய உப்பற்றது. முதல் இரண்டு மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு, பிறகு வருவதைப் பிளாஸ்ரிக் தாங்கியில் பிடியுங்கள். சீமெந்துத் தொட்டியில் பிடித்தால் சுவரின் சுண்ணாம்பு கரைந்து, மழையும் கிணற்றுத் தண்ணீராகிவிடும். இந்தத் தவறை நான் ஒரு மாரி முழுக்கச் செய்தேன். பி.எச். ஏன் ஏறுகிறது என்று மீற்றரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். காய்ந்த நாட்டு வாதுமை இலை நாலைந்தைப் போட்டால் தண்ணீர் தேநீர் நிறமாகும், ஆற்று மீனின் பயம் தெளியும். ஆனால் இலை கடினத்தன்மையைக் குறைக்காது. சாயம் வேறு, மென்மை வேறு.

ஆற்று மீனை வாங்குவதே தவறா என்ற கேள்வியும் எழுகிறது. நீக்ரோ ஆற்றங்கரையிலுள்ள பார்செலோஸ் நகரம் வண்ண மீன் பிடித்தே வாழ்ந்த ஊர். அங்கே ஆண்டுதோறும் நடக்கும் மீன் திருவிழாவில் கார்டினல் டெற்றா, டிஸ்கஸ் என இரு கட்சியாகப் பிரிந்து ஆடுகிறார்கள். மீன் விற்றால் காடு பிழைக்கும் என்பது அங்குள்ள பாதுகாப்பு முயற்சிகளின் வாதம், அதில் நியாயம் இருக்கிறது. ஆகவே வாங்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். இவ்வளவு தூரம் கொண்டுவந்த உயிரை நம் கரண்ட் பில்லுக்காகச் சாகவிடக் கூடாது என்று மட்டும் சொல்வேன். சலித்துப்போனால் குளத்தில் விடுவதும் கூடாது. தொட்டி சுத்தம் செய்ய வாங்கிய உறிஞ்சுவாய்க் கெளிறு இலங்கை நீர்நிலைகளில் பெருகிய கதை போதும்.

என் தீர்ப்பு இது. வன்னியில் ஆற்று டிஸ்கஸையும் பண்ணை டிஸ்கஸையும் ஒரே வடிகட்டியில் வைக்க நல்ல காரணம் ஒன்றுகூட இல்லை. ஹெக்கெல் என்றால் எந்நாளும் வேண்டாம். மற்ற ஆற்று மீன் என்றால், வெறும் தொட்டியில் ஸ்பொஞ் பில்டரோடு குறைந்தது ஆறு முதல் எட்டு வாரம் தனியே வையுங்கள், மலத்தைப் பாருங்கள், புழு மருந்து தேவையா என்பதை அதன் பிறகு, தெரிந்தவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அது தேறிய பின் பண்ணை மீன் ஒன்றை, ஒன்றே ஒன்றை, அதோடு மூன்று நாலு வாரம் விடுங்கள். இரண்டும் தீன் எடுத்தால் அப்போது பேசலாம். அப்போதும்கூட எனக்கு இரண்டு தொகுதியே விருப்பம்.

கடைசியாக ஒன்று. சம்பைப் பிரித்துவிட்டு, இரண்டு தொட்டிக்கும் ஒரே வலை, ஒரே உறிஞ்சு குழாய், கழுவாத அதே கை என்று வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஈரமான வலையில் வருவது சம்பில் வருவதைவிடக் குறைவல்ல. ஆற்று மீனுக்குக் காசு கட்டும் முன்பு, இரண்டாவது வலையும் இரண்டாவது குழாயும் வாங்கிவிடுங்கள்.